விழப்போகும் பல்தானே?

குழந்தையின் பால்பல்லில் சொத்தை தென்பட்டால், “எப்படியும் விழப்போகும் பல்தானே, அதற்கு ஏன் செலவு?” என்று கேட்பது பல வீடுகளில் வழக்கம். சிக்கனமான கேள்வியாகத் தோன்றும் இதன் கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம்.

பால்பற்கள் மொத்தம் 20. ஏறத்தாழ 6ஆம் மாதத்தில் முளைக்கத் தொடங்கி, 3 வயதுக்குள் அனைத்தும் வந்துவிடுகின்றன. முன்பற்கள் 6, 7 வயதில் விழுந்துவிடுவது உண்மையே. ஆனால் கடைவாய்ப் பால்பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. 4 வயதில் அவற்றில் சொத்தை விழுந்தால், அதன்பின் ஆறேழு ஆண்டுகள் குழந்தை எதைக்கொண்டு மெல்லும்? வலிக்கு அஞ்சிக் காய்களையும் பயறுகளையும் ஒதுக்குகிறது, உறக்கம் கெடுகிறது, உடல் எடை கூடாமல் நிற்கிறது. நாமோ அதனை அடம் என்று கடிந்துகொள்கிறோம்.

சொத்தை பற்கூழை எட்டி வேரடியில் சீழ் கட்டினால், அதன் கீழே உருவாகிவரும் நிரந்தரப் பல்லும் பழுதுபடக்கூடும். பல்லைக் காலத்துக்கு முன்பே பிடுங்கிவிட்டாலோ, பின்னுள்ள பல் முன்னோக்கி நகர்ந்து, வரவேண்டிய பல்லின் இடத்தை அடைத்துக்கொள்ளும். பிற்காலத்தில் பற்களுக்குக் கம்பி கட்டும் செலவுக்கு இதுவும் ஒரு காரணம். தொடக்க நிலைச் சொத்தையைப் பெரும்பாலும் ஒரே அமர்வில் அடைத்துவிடலாம். கூழை எட்டியபின் வேர்ச் சிகிச்சை, உறை எனச் செலவு பெருகும்.

பெற்றோர் பலர் அறியாத செய்தி மற்றொன்று உண்டு. ஏறத்தாழ 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, பால்பற்களுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதனையும் பால்பல் என்றெண்ணி விட்டுவிடுகிறார்கள். அது போனால் மறுபல் இல்லை.

இனிப்புக் கலந்த பாலைப் புட்டியில் கொடுத்தபடியே உறங்க வைப்பது, மழலைப் பருவச் சொத்தைக்கு முக்கியக் காரணம். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், சர்க்கரையிலிருந்து கிருமிகள் உண்டாக்கும் அமிலம் பல்லிலேயே தங்கிவிடுகிறது. 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவும், அதன்பின் 6 வயது வரை ஒரு பட்டாணியளவும் ஃபுளோரைடு பற்பசை போதுமானது. விளம்பரத்தில் பிரஷ் முழுவதும் பிதுக்கிக் காட்டுவது விற்பனைக்காக!

மருத்துவரை எப்போது அணுகுவது? முதல் பல் முளைத்ததும், அல்லது முதல் பிறந்தநாளுக்குள். வலி வந்தபின் செல்லும் முதல் வருகை, குழந்தையின் மனத்தில் அச்சத்தையே பதிக்கும்.

மருத்துவக் காப்பீட்டுப் பத்திரங்கள் பெரும்பாலானவற்றில், விபத்தால் நேர்ந்தவை தவிர, புறநோயாளிப் பல் சிகிச்சை சேர்க்கப்படுவதில்லை. எனவே புதுப்பிக்கும் முன் அப்பகுதியைப் படித்துக்கொள்வதும், இச்செலவுக்கெனச் சிறு தொகையைத் தனியே ஒதுக்குவதும் நன்று.

2013இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் பற்சொத்தையும் பிளவுபட்ட உதடு, அண்ணமும் இடம்பெற்றுள்ளன. நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களை ஒருமுறையும் பரிசோதிக்கின்றன. மேற்சிகிச்சைக்குக் கட்டணமின்றிப் பரிந்துரைக்கின்றன. தனியார் பள்ளிகளுக்கு இக்குழுக்கள் வருவதில்லை. அங்கு பயிலும் குழந்தைகளைப் பெற்றோரே அழைத்துச் செல்ல வேண்டும். நம் வீட்டில் பணிபுரிபவரின் குழந்தை அரசுப் பள்ளியில் பயின்றால், அங்கு தந்த பரிந்துரைச் சீட்டு மருத்துவமனையைச் சென்றடைந்ததா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். சீட்டு கையில் இருந்தும் ஒருநாள் கூலியை இழக்க இயலாமல் செல்லாதிருப்போர் உண்டு.