காருக்கு வழி சொல்வது சாட்டிலைட்டா?

"இருநூறு மீட்டரில் வலது பக்கம் திரும்பவும்" என்று காரில் உள்ள சிறிய திரை சொல்லும்போது, மேலே இருக்கும் சாட்டிலைட் நம் காரைப் பார்த்துக் கொண்டே வருகிறது என்று பலரும் நினைக்கின்றனர். உண்மையில் சாட்டிலைட்டுக்கு உங்கள் காரைப் பற்றி எதுவும் தெரியாது. ரேடியோ நிலையத்தைப் போல அது ஒலிபரப்புகிறது, அவ்வளவுதான். நீங்கள் இருக்கும் இடத்தைக் கணக்கிடுவது உங்கள் காரில் அல்லது செல்போனில் உள்ள ரிசீவர்.

அமெரிக்காவின் ஜி.பி.எஸ். அமைப்பின் முதல் சாட்டிலைட் 1978ல் ஏவப்பட்டது. இன்று சுமார் 30 சாட்டிலைட்டுகள் ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "நான் இன்ன சாட்டிலைட், இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இது" என்பதே அவை அனுப்பும் செய்தி.

நேரத்திலிருந்து தூரம்

சிக்னல் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. வேகத்தில் வருகிறது. அது வந்து சேர 0.07 நொடி ஆனால், சாட்டிலைட் 21,000 கி.மீ. தொலைவில் உள்ளது என்று பொருள். அதை மையமாக வைத்து அந்தத் தூரத்தை ஆரமாகக் கொண்ட ஒரு பெரிய பந்தை நினைத்துக் கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பில் எங்கோ நீங்கள் இருக்கிறீர்கள். இரண்டு பந்துகள் வெட்டினால் ஒரு வட்டம். மூன்றாவதும் சேர்ந்தால் இரண்டே புள்ளிகள். அவற்றில் ஒன்று விண்வெளியில் இருக்கும், அதைத் தள்ளிவிடலாம்.

பிறகு நான்காவது சாட்டிலைட் எதற்கு? ரிசீவரில் இருப்பது சாதாரண கடிகாரம். அது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் தூரம் 300 மீட்டர் தவறிவிடும். ஆனால் இந்தத் தவறு எல்லா தூரங்களிலும் ஒரே அளவாக இருக்கும். எவ்வளவு திருத்தினால் நான்கு பந்துகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும் என்று கண்டுபிடித்து, ரிசீவர் தன் கடிகாரத்தையும் சரி செய்து கொள்கிறது.

மேப் வேறு, ஜி.பி.எஸ். வேறு

பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை சேர்க்கும் முறையை அமெரிக்கா 2000 மே மாதத்தில் நிறுத்தியது. அதன் பிறகே காருக்கு வழி காட்டும் அளவுக்குத் துல்லியம் எல்லோருக்கும் கிடைத்தது. இன்று திறந்த வெளியில் செல்போன் கூட சில மீட்டர்களுக்குள் இடத்தைக் காட்டும். உயரமான கட்டடங்களுக்கு இடையே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் பிழை கூடும். சுரங்கப் பாதையில் சிக்னலே கிடைக்காது.

ஜி.பி.எஸ். தருவது அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் மட்டுமே. தெருவின் பெயர், ஒருவழிப் பாதை எல்லாம் மேப்பில் உள்ளவை. நண்பரின் காரில் சென்றபோது, முன்பு இருவழியாக இருந்து ஒருவழியாக மாற்றப்பட்ட தெருவுக்குள் திரும்பச் சொன்னது அந்தக் குரல். போர்டைப் பார்த்து நண்பர் நிறுத்தியதால் எதிரே வந்த லாரியிடமிருந்து தப்பினோம். இடம் சரிதான், மேப்தான் பழையது.

எனவே மேப்பை அவ்வப்போது அப்டேட் செய்யுங்கள். போக வேண்டிய இடத்தை வண்டி கிளம்பும் முன்பே பதிவு செய்யுங்கள். குரல் ஒன்று சொல்லி, சாலையில் உள்ள போர்டு வேறு சொன்னால், போர்டையே நம்புங்கள்.