ஒன்பது மாதக் குழந்தைக்கு ஆஸ்துமா பரிசோதனை தேவையா?

கேள்வி: எங்கள் ஒன்பது மாத மகனுக்குச் சளி பிடித்தாலே வீசிங் வந்துவிடுகிறது. மூச்சுக்குழாய் எவ்வளவு எளிதில் சுருங்குகிறது என்று பார்க்கும் பரிசோதனை இருக்கிறதாமே? அதைச் செய்தால் ஆஸ்துமாவா இல்லையா என்று தெரிந்துவிடுமா?

பதில்: தெரியாது. பரிசோதனை இருப்பது உண்மைதான். ஆனால் கைக்குழந்தை விஷயத்தில் அது அந்தக் கேள்விக்கு விடை சொல்வதில்லை.

பள்ளிப் பிள்ளை என்றால் மூச்சுக்குழாயைச் சுருக்கும் மெத்தகோலின் மருந்தை மிகக் குறைந்த அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி இழுக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் ஸ்பைரோமெட்ரி குழாயில் ஊதவேண்டும். முதல் நொடியில் வெளிவரும் காற்று 20 சதவீதம் குறைந்ததும் நிறுத்திவிடுவார்கள். கொஞ்ச மருந்துக்கே அப்படிக் குறைந்தால் மூச்சுக்குழாய் மிகையாகச் சுருங்குகிறது என்று பொருள்.

ஒன்பது மாதக் குழந்தைக்கு ஊதத் தெரியாதே! எனவே மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, முகத்தில் மாஸ்க் பொருத்தி, நெஞ்சையும் வயிற்றையும் சுற்றிக் காற்றடைக்கும் ஜாக்கெட் ஒன்றை மாட்டுவார்கள். குழந்தை மூச்சை இழுத்து முடித்ததும் ஜாக்கெட் சட்டென்று உப்பி நெஞ்சை அழுத்த, காற்று வேகமாக வெளியேறும். பயிற்சி பெற்ற குழுவும் ஆக்சிஜன் கண்காணிப்பும் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. பெரும்பாலும் ஆராய்ச்சி மையங்களில்தான் செய்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஆரோக்கியமான 63 பச்சிளங்குழந்தைகளுக்கு, மெத்தகோலின் போலவே மூச்சுக்குழாயைச் சுருக்கும் ஹிஸ்டமின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1991இல் வெளியானது. சராசரி வயது நாலரை வாரம். ஆரோக்கியமான அந்தக் குழந்தைகளின் மூச்சுக்குழாயும் சுருங்கியது. குடும்பத்தில் ஆஸ்துமா இருந்தாலோ பெற்றோர் புகைபிடித்தாலோ இன்னும் எளிதாகச் சுருங்கியது. ஆக, சுருங்குகிறது என்பதை மட்டும் வைத்து ஒரு குழந்தைக்கு ஆஸ்துமா முத்திரை குத்த முடியாது.

அமெரிக்காவின் டூசான் நகரில் 826 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து கவனித்து வந்தார்கள். மூன்று வயதுக்குள் வீசிங் வந்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு ஆறு வயதில் அது இல்லை. பெற்றோர் நிம்மதி கொள்ள வேண்டிய கணக்கு இது.

மருத்துவரிடம் சொல்லவேண்டியவை வேறு. சளி இல்லாத நாளிலும் இளைக்கிறதா? சிரித்தாலோ அழுதாலோ வருகிறதா? தோலில் கரப்பான் உண்டா? தாய்க்கோ தந்தைக்கோ ஆஸ்துமா உண்டா? இந்தப் பதில்கள் பரிசோதனையைவிட அதிகம் உதவும். எடை ஏறாவிட்டாலும், பால் குடிக்கும்போது அடிக்கடி புரையேறினாலும் வேறு காரணம் தேடவேண்டும். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று இளைத்தால், வேர்க்கடலை போல ஏதாவது மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம்.

வீட்டில் யாராவது புகைபிடித்தால் இன்றே நிறுத்துங்கள். விலா இடுக்கு உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நெபுலைசரை வைத்துக்கொண்டு வீட்டில் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.