பேரிங் விற்பவர்

கோவை நூற்பாலைகளில் ஒரு பேரிங் தேய்ந்து போனாலும் இயந்திரம் நின்றுவிடும். அதை விற்க வருபவரைப் பற்றி எண்ணியதுண்டா, தோழியரே? என் சித்தப்பாவுக்கு அதுதான் வேலை. 6205 என்று சொன்னால் போதும். கடைசி இரண்டு எண்களை ஐந்தால் பெருக்கி, உள்விட்டம் 25 மில்லிமீட்டர் என்று நொடியில் சொல்வார்.

வெயிலில் பைக்கில் ஆலை ஆலையாகச் செல்ல வேண்டும். வாயிற்காவலரிடம் பெயர் எழுதிவிட்டு, கொள்முதல் அதிகாரி அழைக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆர்டர் வாங்கினால் மட்டும் போதாது. பணத்தையும் வசூலித்துத் தர வேண்டும். சென்ற தீபாவளிக்கு ஓர் ஆலை பாக்கி வைத்ததால் சித்தப்பாவின் ஊக்கத்தொகை நின்றுவிட்டது. தங்கைக்குப் பட்டுப்பாவாடை சித்தியின் சீட்டுப் பணத்தில்தான் வந்தது. பாக்கி வைத்தவரை விட்டு விற்றவரைத் தண்டிப்பது என்ன நியாயமோ!

விற்பனைப் பிரதிநிதிகளுக்கு நியமனக் கடிதமும் சம்பளத்துடன் விடுப்பும் கிடைக்க 1976இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. ஆனால் முதலில் அது மருந்துத் துறையினருக்கே பொருந்தியது.

திறமையிருந்தால் கிளை மேலாளராகலாம். சிலர் முகவர் உரிமை பெற்றுத் தாமே கடை வைக்கின்றனர். இயந்திரவியலில் டிப்ளமோ படித்தவர்களுக்கு வாய்ப்பு அதிகமாம்.

"பெண்கள் இந்த வேலைக்குப் போகலாமா, சித்தப்பா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு பேரிங்கை எடுத்து நீட்டினார். 6308.

"நாற்பது," என்றேன்.