பேன்கேக்கை உப்ப வைப்பது முட்டையா?

“முட்டை போடாத பேன்கேக் தடித்த சப்பாத்தி மாதிரிதான் இருக்கும்.” நானும் இப்படி நம்பியவள்தான். ஒரு கப் மைதா, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, சிட்டிகை உப்பு, முக்கால் கப்புக்குச் சற்று மேலாக சோயா பால், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். மாவு இவ்வளவுதான். இதில் ஒரு கரண்டியைக் கல்லில் ஊற்றிவிட்டு, கண்ணை எடுக்காமல் பாருங்கள். முதலில் ஓரத்தில் ஈரப் பளபளப்பு போகும். அப்புறம் நடுவில் குமிழிகள் எழும்பி வெடிக்கும். வெடித்த துளை மூடிக்கொள்ளாமல் அப்படியே நின்றால் திருப்பிப் போடலாம்.

அந்தக் குமிழிக்குள் இருப்பது கரியமில வாயு. பேக்கிங் பவுடரில் சோடாவும் ஒரு புளிப்புப் பொருளும் கலந்தே இருக்கின்றன. கடையில் கிடைக்கும் பெரும்பாலான பவுடர்கள் ஈரம் பட்டதும் கொஞ்சம், சூடு ஏறியதும் மிச்சம் என்று வாயுவை வெளியே விடும். பேன்கேக் உப்புவது இதனால்தான். முட்டை மாவைச் சேர்த்துப் பிடிக்கும், ருசி தரும். பிடிக்கிற வேலையை மைதாவிலுள்ள குளூட்டனே பார்த்துக்கொள்ளும்.

முட்டைக்காரர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஜப்பானியர்களின் மெத்தென்ற சூஃப்லே பேன்கேக், நுரைக்க அடித்த வெள்ளைக்கருவை நம்பி நிற்பது. கொண்டைக்கடலை வேகவைத்த நீரும் அப்படி நுரைக்கும் என்று 2014-இல் பிரான்ஸில் ஜோயல் ரோசெல் கண்டு சொன்னார். சாதாரணக் காலைப் பலகாரத்துக்கு அந்தப் பாடு எதற்கு?

முட்டைக்குப் பதில் ஆளி விதை கட்டாயம் என்பார்கள். மைதாவுக்கும் கோதுமைக்கும் அவசியமே இல்லை. கேழ்வரகிலோ தினையிலோ குளூட்டன் கிடையாது, அங்கே உதவும். ஒரு மேசைக்கரண்டி பொடியில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் வெண்டைக்காய் மாதிரி கொழகொழக்கும், அதுதான் பதம். முட்டைக்குப் பதில் வாழைப்பழம் போட்டால் மணக்கும், நல்ல நிறமும் தரும். அதிகம் போனால் நடுவில் களிதான்.

“ஆப்ப சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றுதானே?” ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கவிழ்த்தது இந்த நம்பிக்கை. பவுடர் தீர்ந்துபோயிருந்தது, அதே இரண்டு டீஸ்பூன் ஆப்ப சோடாவை அள்ளிப் போட்டேன். நிறம் என்னவோ பொன்னாகத்தான் வந்தது. வாயில் வைத்தால் சலவை சோப்பு. சோடாவுக்குப் பவுடரைப் போல மூன்று மடங்கு வீரியம், அதோடு புளிப்பும் தனியாகச் சேர்க்க வேண்டும். ஒரு கப் மாவுக்கு அரை டீஸ்பூன் சோடா, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு போதும். சாறு பட்டதும் சோயா பால் திரியும். கீழே கொட்டிவிடாதீர்கள்; மோர் ஊற்றிச் செய்பவர்களுக்குக் கிடைக்கும் புளிப்பு நமக்கு இதில் கிடைக்கிறது.

“எக்லெஸ் என்று போட்டிருக்கிறதே, அப்புறம் என்ன?” விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத நனிசைவம் (வீகன்) நம் ஊரில் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். நமக்குச் சைவம் என்றால் பால், தயிர், நெய் எல்லாம் அடக்கம். பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளியும் பாலை விலக்குவதில்லை. எக்லெஸ் மிக்ஸில் பால்பவுடர் இருக்கலாம், சாக்லேட் துணுக்குகளிலும் இருக்கலாம். கல்லில் நெய் தடவினால் கதை முடிந்தது. மேலே ஊற்றும் தேனும் தேனீயுடையது, ஆகவே சேராது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022-இல் நனிசைவ உணவுக்கென்றே தனி விதிகளும் முத்திரையும் கொண்டுவந்திருக்கிறது. அதைத் தேடுங்கள், இல்லையென்றால் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

பாதாம் பாலுக்கும் மேப்பிள் சிரப்புக்கும் காசு கொட்ட வேண்டும் என்பது வீண் பயம். தேங்காயின் இரண்டாம் பால் போதும். முதல் பாலை ஊற்றினால் மாவு கனத்துவிடும். மேலே ஊற்ற வெல்லப்பாகு இருக்கிறது. கோதுமை மாவில் வெல்லம் கரைத்து, ஏலக்காய் தட்டிப் போட்டு நம் வீடுகளில் வார்க்கும் வெல்ல தோசையும், நெய்க்குப் பதில் எண்ணெய் விட்டால் நனிசைவம்தான்.

நனிசைவம் என்றாலே உடம்பு இளைக்கும் என்கிறார்களா? மைதா மைதாதான்.

கடைசியாக, “மாவைக் கட்டியில்லாமல் நன்றாக அடிக்க வேண்டும்.” இது தோசை மாவு கரைத்துப் பழகிய கையின் குற்றம். அரிசியிலும் உளுந்திலும் குளூட்டன் இல்லை, எவ்வளவு கலக்கினாலும் தோசை ரப்பராகாது. மைதாவை அடிக்க அடிக்கக் குளூட்டன் இறுகும், வாயுவும் வெளியேறும். உலர்ந்த மாவு கண்ணில் படாத அளவுக்குப் பத்துப் பதினைந்து சுற்று போதும். சிறு கட்டிகள் வேகும்போது கரைந்துவிடும். ஊற்றிய பிறகு கரண்டியால் வட்டம் இழுக்காதீர்கள், தானே பரவட்டும். தீ மிதமாகவே இருக்கட்டும். தோசைக்கு வைக்கிற சூட்டில் மேலே கருகி உள்ளே பச்சையாக நிற்கும்.

மீந்த மாவை நாளைக்கென்று ஃபிரிட்ஜில் எடுத்து வைக்காதீர்கள். தோசை மாவு வைத்தால் பொங்கும். இது வைக்க வைக்க வாயு போய் அடங்கிவிடும். இருக்கிற மாவு முழுவதையும் அப்போதே சுட்டுவிடுங்கள். சுட்டதை வைத்திருந்து மறுநாள் கல்லில் சூடு காட்டிக்கொள்ளலாம்.