பாரவண்டியின் சட்டமும் அதன் புணர்ச்சியும்

பீர்க்கன்கரணை ஏரியை யொட்டித் தெற்கே செல்லும் பெருஞ்சாலையில், மேற்கூடு பூட்டப்பெறாத லாரிச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் செல்வதை யாம் பலகாற் கண்டிருக்கிறோம். எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் எனத் தோன்றி, 1955-இல் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறிய ஆலையின் வண்டிகளும் அவற்றுள் உண்டு. கரூர், நாமக்கல், திருச்செங்கோடு முதலிய ஊர்களில் உடல் கட்டுவோர் மிகப் பலர்.

இச்சட்டம் கிடத்திய ஏணியை ஒக்கும். நெடுஞ்சட்டம் இரண்டும், 'ப' என்னும் எழுத்தைப் பக்கவாட்டிற் படுக்கவைத்தாற் போன்றன. குறுக்குச் சட்டங்கள் அவற்றைப் பிணைக்கும். இரு சக்கரங்களுக்கு நடுவே பாரம் அழுத்துங்கால் மேலுதடு நெருக்குண்ணும், கீழுதடு இழுபடும், செங்குத்துச் சுவரின் நடுப்பகுதியோ அவ்விரு துன்பத்தையும் சிறிதே அறியும். ஆதலின் துளையிடுவதாயின் சுவரிலேயே இடல் வேண்டும், உதட்டைத் தொடலாகாது.

இதனை யாம் நூலிற் கற்குமுன் வீட்டிற் கற்றோம். எம் தாய்மாமன் ஜல்லி யேற்றும் லாரி ஒன்று வைத்திருந்தார். அளவுக்கு மிஞ்சிய பாரத்தால் அதன் கீழுதட்டில் வெடிப்புக் கண்டது. பட்டறை ஒன்றில் ஒரு மணி நேரத்தில் வெல்டிங் வைத்துக் கொடுத்தனர். சின்னாட்களில் மீண்டும் பிளந்தது. ஒட்டிய இடத்திலன்று, அதற்கு அடுத்தாற்போல! ஒட்டு உறுதியே, அதன் அருகிருந்த எஃகுதான் வெப்பத்தால் தன் குணம் திரிந்திருந்தது. தவணை கட்ட வழியின்றி லாரியை விற்றார்.

தமிழ் பயில்வார்க்கு இது புதிதன்று. பொன்னும் மணியும் கூடிப் பொன்மணி ஆகுங்கால் எழுத்தொன்றும் மாறாது. குடத்தோடு கூடிப் பொற்குடம் ஆகுங்கால் ஈற்றெழுத்துத் திரியும். ரிவிட்டு முன்னதன் இனம். வெல்டிங் பின்னதன் இனம். (அண்டையூராகிய இரும்புலியூரில் இரும்பைத் தேடுவார் சிலர், எமக்கென்னவோ அங்கே புலிதான் தெரிகிறது.) லாரிச் சட்டத்தில் ரிவிட்டைக் காய்ச்சாமலே பொறியால் அழுத்த, அதன் தண்டு பருத்துத் துளையை நிறைக்கும்; தகடுகள் தம் இயல்பு கெடா.

ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கின் சட்டம் முறுக்குண்ணும். முழு மூங்கிற் குழலை முறுக்கிப் பாருங்கள், அசையாது. நெடுகக் கீறிய குழலோ எளிதில் இணங்கும். திறந்த வடிவுடைய லாரிச் சட்டம் கீறிய குழல் போன்றது; இணங்குதலே அதற்குக் காப்பு.

எஸ்.யு.வி. வண்டிகளிற் சட்டமுடையன முழுக் குழலின் இனம்: பெட்டிபோல் மூடி, ஆலையிலேயே அளவறிந்து வெல்டிங் செய்யப்படுவன. சட்டமே இல்லாது உடலே பாரந்தாங்குவனவும் உண்டு. இதே சாலையில் மறைமலைநகரில், 2022-இல் உற்பத்தி நிறுத்திய போர்டு ஆலையில் இருவகையும் உருவாயின: எண்டெவர் சட்டமுடையது, எக்கோஸ்போர்ட் அஃதிலது.

உடல் கட்டுவோருள் வல்லார் சட்டத்தின்மீது மரக்கட்டை பரப்பி, 'யூ' வடிவப் பட்டைகளால் உடலை இறுகக் கட்டுவர், உதட்டில் துளையிடார். மாலையில் சாலை நெரிந்து லாரிகள் நிற்கும்போது பக்கவாட்டிற் குனிந்து நோக்குக. ரிவிட்டுத் தலைகள் பெரும்பாலும் சுவரிலேயே வரிசையாய்த் தெரியும்.