உலர்ந்த சைவ்ஸ்: அடுப்பை அணைத்தபின் தூவுங்கள்

சைவ்ஸ் வெங்காயக் குடும்பத்துத் தழை. மென்மையான அதன் வாசம் உலரும்போது இன்னும் குறைந்துவிடும். எண்ணெயில் தாளித்தால் கருகிக் கசக்கும். சூப், ஆம்லெட் எதுவானாலும் இறக்கும் நேரத்தில் சேருங்கள்.

இதற்குப் பொருத்தமான துணை, ஈரமும் கொழுப்பும் உள்ள பொருள்தான். சவர் க்ரீம், க்ரீம் சீஸ் இவற்றில் ஒன்றோடு கலந்து அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால், தழை ஈரத்தை உறிஞ்சி மெத்தென்றாகும். வாசமும் க்ரீமில் இறங்கும். அமெரிக்கர்கள் முழு உருளைக்கிழங்கைத் தோலோடு சுட்டு, பிளந்து, நடுவில் வைப்பது இந்தச் சேர்க்கையைத்தான். சவர் க்ரீம் இல்லையா? தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் போதும், கொஞ்சம் உப்பு போட்டால்.

பச்சைத் தழை 1 டேபிள்ஸ்பூன் கேட்கும் இடத்தில் உலர்ந்தது 1 டீஸ்பூன். சற்றுக் கூடினாலும் கெடுதலில்லை.

கடையில் ‘ஃப்ரீஸ் ட்ரைடு’ என்று போட்டதை எடுங்கள். நிறமும் மணமும் அதில் நன்றாகத் தங்கும். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் பாட்டிலைக் கவிழ்க்காதீர்கள், ஆவி பட்டுக் கட்டிதட்டும். வெளிச்சமும் சூடும் படாத அலமாரியில் வையுங்கள். வெளுத்துப்போய் வைக்கோல் வாசம் அடித்தால் தூக்கிப் போடலாம்.

சொந்தத் தொட்டியில் விளைந்ததென்றால் உலர்த்த வேண்டாம். பொடியாக நறுக்கி ஃப்ரீசரில் வைப்பதே மேல்.