சாம்பலைப் படிக்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள குழந்தைக்கு,

எரிமலைச் சாம்பலையும் அதன் மேலும் கீழும் கிடக்கும் ஆதிமனிதனுடைய கற்கருவிகளையும் நீ உன் ஆராய்ச்சிக்குரிய விஷயமாக வரித்துக்கொண்டிருக்கிறாய் என்றும், மழைக்காலம் கழிந்ததும் கர்நூலுக்குத் தெற்கேயுள்ள ஜ்வாலாபுரத்துக்குப் புறப்படப் போகிறாய் என்றும் உன் தகப்பனார் எழுதியிருந்தார். படித்து மிகுந்த சந்தோஷமடைந்தேன். பூகர்ப்ப சாஸ்திரத்திலேயே ஆயுளைக் கழித்தவன் என்ற உரிமையில் உனக்குச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டுமென்று தோன்றுகிறது.

நீ காணப் போகிற சாம்பல் அந்த ஊர் மண்ணில் பிறந்ததன்று. சுமத்ராத் தீவின் வடபகுதியில், இப்போது தோபா என்ற பேரேரி பரந்து கிடக்கிற இடத்தில், ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் பூமி பிளந்து சுமார் 2,800 கன கிலோமீட்டர் அளவுக்குப் பாறைக்குழம்பைக் கக்கியது. அடிவயிறு வெறுமையாகிப்போன அந்த நிலம் மேலிருந்து சரிந்து, 100 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமுமான பள்ளமாயிற்று. அப்போது எழுந்த தூள் வங்கக்கடலைக் கடந்து, ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர் தூரம் காற்றிலேறி வந்து, ஜ்வாலாபுரம் இருக்கிற ஜுர்ரேரு ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்கியது. உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் அதன் ஒவ்வொரு துகளும் உடைந்த குமிழியின் வளைந்த சுவராக, கண்ணாடியாகத் தெரியும். நூற்றுக்கு எழுபத்தேழு பங்கு அளவில் சிலிக்கா நிறைந்த கண்ணாடி அது. இத்தனை பெரிய ஒரு சம்பவம், இத்தனை மெல்லிய ஒரு வெண்ணிறக் கோடாக மண்ணில் எழுதப்பட்டிருப்பதைக் காணும்போது எந்த இளைஞருக்கும் உள்ளம் பொங்கும். உனக்கும் பொங்கட்டும். ஆனால் அந்தப் பொங்குதலை நம்பி ஒரு வரியும் எழுதிவிடாதே.

மலையிலே புகையைக் கண்டு நெருப்பை அநுமானிப்பது நம் தர்க்க சாஸ்திரத்தின் பழைய உதாரணம். உன் வேலையோ சாம்பலைக் கண்டு நெருப்பையும், நெருப்பிலிருந்து குளிரையும், குளிரிலிருந்து காட்டின் அழிவையும், காட்டின் அழிவிலிருந்து மனிதனின் அழிவையும் அநுமானிக்கச் சொல்லி உன்னைப் படிப்படியாக இழுத்துக்கொண்டு போகும் வேலை. முதற்படி மட்டுமே பிரத்தியட்சத்துக்கு அருகில் நிற்கிறது. மேலே ஏற ஏறச் சாட்சிகள் குறைகின்றன. ஆனால் கதை அழகாகிக்கொண்டே போகிறது. தோபாவின் புகை சூரியனை மறைத்து நெடுங்குளிரை உண்டாக்கியது என்ற எண்ணத்தை 1992-இல் ராம்பினோவும் செல்ஃபும் முன்வைத்தார்கள். அக்குளிரில் மனித இனமே ஒரு சிறு கூட்டமாகச் சுருங்கிப்போயிற்று என்று 1998-இல் ஆம்ப்ரோஸ் எழுதினார். அவர்கள் அறிஞர்கள், காரணங்களோடுதான் எழுதினார்கள். அவர்களுடைய கருதுகோளை உலகம் வரலாறாகவே எடுத்துக்கொண்டுவிட்டதுதான் பிசகு.

பிறகு மண்ணைத் தோண்டியவர்கள் வந்தார்கள். பெட்ராக்லியாவும் தார்வாடைச் சேர்ந்த ரவி கொரிசெட்டரும் அவர்களுடைய தோழர்களும் ஜ்வாலாபுரத்தில் வெட்டி, 2007-இல் வெளியிட்ட முடிவு என்ன? சாம்பலுக்குக் கீழே கிடந்த இடைப் பழைய கற்காலக் கருவிகளுக்கும் சாம்பலுக்கு மேலே கிடந்தவற்றுக்கும் செய்முறையில் நெருங்கிய ஒற்றுமை இருந்தது என்பதே. சோன் நதிக்கரையில் தாபா என்னுமிடத்திலும், அந்தச் சாம்பற் காலத்தின் ஊடே மனிதர்கள் தொடர்ந்து வாழ்ந்து கல் செதுக்கியதாக 2020-இல் காட்டினார்கள். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியின் அடிச்சேற்றில் தோபாத் துகள்களைக் கண்டெடுத்தவர்கள், அவ்விடத்தில் பெருங்குளிருக்கான அடையாளம் இல்லை என்று 2013-இல் எழுதினார்கள். தென்னாப்பிரிக்காவின் கடற்கரைக் குகைவாசிகளோ அக்காலத்தில் செழித்தே இருந்தார்கள் என்பது 2018-இல் வெளியான முடிவு. இவற்றால் தோபா ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடாது. ஓரிடத்தில் தாங்கிய இன்னல் வேறோரிடத்தில் தாங்க முடியாததாய் இருந்திருக்கலாம். எரிமலை செய்ததை எரிமலையின் பருமனிலிருந்து அறிய முடியாது, அந்தந்த இடத்து மண்ணிலிருந்தே அறிய வேண்டும் என்பதுதான் நீ கொள்ள வேண்டிய பாடம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். பூனா ஜில்லாவில் குக்டி ஆற்றங்கரையிலுள்ள போரி என்ற ஊரின் கதையை நீ ஆதியோடந்தமாகப் படித்தாக வேண்டும். அங்கே ஒரு சாம்பற் படிவு. அதனோடு சேர்ந்த மண்ணில் அச்சூலியன் என்னும் மிகப் பழைய வகைக் கைக்கோடரிகள். 1989-இல் அந்தச் சாம்பலுக்கு ஏறக்குறைய 14 லட்சம் ஆண்டு வயது என்றார்கள். 1995-இல் வேறு முறையால் அளந்து 6,70,000 என்றார்கள். 1998-இல் வெஸ்ட்கேட் முதலியோர், தீபகற்பத்திலுள்ள தோபாச் சாம்பல் முழுவதும் அந்தக் கடைசி வெடிப்பைச் சேர்ந்ததே, வயது 75,000 தான் என்றார்கள். தோபா முன்னரும், ஏறக்குறைய 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பெரிதாக வெடித்திருக்கிறது; இரு காலத்துக் கண்ணாடிகளும் ரசாயனத்தில் சகோதரர்களைப் போல ஒத்திருப்பவை; ஆகையால் இது பழைய சாம்பலாகவே இருக்கலாம் என்று மறுபக்கத்தாரும் வாதித்தார்கள். ஒரே வெள்ளைக் கோடு. அதைப் பொறுத்து நம் நாட்டுக் கைக்கோடரியின் சரித்திரம் லட்சக்கணக்கான ஆண்டுகள் முன்னும் பின்னும் நகர்கிறது! இந்த விவாதத்தில் நீ ஒரு கட்சியில் சேர வேண்டாம். விவாதம் இத்தனை நீண்டதற்குக் காரணம் அளவுக் கருவிகளின் குறை மட்டும் அன்று; அந்தச் சாம்பல் வானிலிருந்து விழுந்த இடத்திலேயே கிடக்கிறதா, ஆறு அடித்துக்கொண்டு வந்து பிறகு போட்டதா என்ற கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் கேள்வியை ஒவ்வொரு வெட்டுமுகத்திலும் கேள். ஜ்வாலாபுரத்தில் சில இடங்களில் சாம்பல் இரண்டு மீட்டருக்கு மேல் கனத்திருக்கிறது. அத்தனையும் வானிலிருந்து விழுந்ததன்று. விழுந்தது சில அங்குலமே, மிகுதி சுற்றியுள்ள மேடுகளிலிருந்து மழைநீர் கழுவிக்கொண்டுவந்து தாழ்வில் சேர்த்தது. விழுந்த சாம்பல் தூய்மையாகவும், அடியிலுள்ள களிமண்ணோடு கூர்மையான எல்லை கொண்டும் இருக்கும். கழுவி வந்ததிலே மணலும் களியும் கலந்து, நீரின் ஓட்டம் வரைந்த சாய்ந்த வரிகள் தெரியும். முன்னதைத்தான் காலக்கோடு என்று நம்பலாம். பின்னது வெடிப்புக்குப் பின் எத்தனை காலம் கழித்து அங்கே வந்ததென்று சாம்பலின் வயது சொல்லாது. அதிலே புதைந்த கருவியின் வயதையும் சொல்லாது. ஆர்கான் முறையில் நீ அளப்பது படிகம் வெடிப்பில் வெளிவந்து குளிர்ந்த காலத்தை. மணல் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளக்க வேறு முறை இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்து.

பழைய சுற்றுச்சூழலைப் பற்றியும் இதே நிதானம் வேண்டும். மத்திய இந்தியாவில் சாம்பலுக்குக் கீழும் மேலும் உள்ள சுண்ணாம்புக் கணுக்களில் கார்பன் ஐசோடோப்புகளை அளந்து, கீழே காடு, மேலே புல்வெளி என்று வில்லியம்ஸ் முதலியோர் 2009-இல் எழுதினார்கள். வங்கக்கடல் அடிமண்ணின் மகரந்தமும் மரங்கள் குறைந்ததையே காட்டியது. அந்தப் புல்வெளி சாம்பல் விழுந்த மறுவருஷத்தில் முளைத்ததா, ஆயிரம் வருஷம் கழித்து வேறு காரணத்தால் வந்ததா என்று மற்றவர்கள் கேட்டார்கள். கேட்டது நியாயமே.

நம் துறைக்காரர் ஒருவரை உனக்கு நினைவூட்டுகிறேன். சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்து, இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சிக்கே வாயில் திறந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பூகர்ப்ப ஆய்வுத்துறை உத்தியோகஸ்தர். பின்னாளில் கர்நூல் ஜில்லாவின் பில்ல சுரகம் குகைகளிலும் தோண்டினார். கல்லை மட்டும் பார்க்காமல் கல் எந்தப் படிவிலிருந்து வந்தது என்றும் பார்த்தார் என்பதே அவருடைய பெருமை. நீ தொல்பொருளாரை உன் சாம்பலுக்கு வெறும் உதவியாளர்களாக எண்ணாதே. கருவி எப்படி உடைக்கப்பட்டது, எவ்வளவு உபயோகிக்கப்பட்டது என்பதை அவர்களிடம் மாணவியாக இருந்து கற்றுக்கொள். அவர்கள் பதிவு செய்யாமல் ஒரு சில்லைக்கூட மண்ணிலிருந்து அகற்றாதே.

நோட்டுப் புத்தகத்தின் இடப்பக்கத்தில் கண்டதை எழுது. வலப்பக்கத்தில் கருதியதை எழுது. இரண்டும் ஒரே பக்கத்தில் கலக்கும்படி விடாதே. மாதிரி எடுப்பதற்கு முன் வெட்டுமுகத்தைக் கையாலேயே வரை.

ஜ்வாலாபுரத்தில் சாம்பலை வெட்டி எடுத்து விற்பது பிழைப்பாக இருக்கிறது. அதனால் இன்று தெரிகிற வெட்டுமுகம் அடுத்த ஆண்டு அங்கே இல்லாமற் போகலாம். வெட்டுகிறவர்கள்மேல் கோபம் கொள்ளாதே. அவர்கள் தோண்டியிராவிட்டால் பல முகங்களை நாம் யாருமே பார்த்திருக்க மாட்டோம். எங்கே சாம்பல் கனம், எங்கே மெலிவு என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் மரியாதையாகக் கேள். ஆய்வகத்து வேலைகள் காத்திருக்கும், குழிகள் காத்திரா. அங்கே போன முதல் வாரத்திலேயே வரைந்து முடித்துவிட்டு எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அன்புள்ள பெரியப்பா